15 ஆண்டு அனுபவம்... 45 நிமிடப் பரீட்சை!

2015 ஜூன் மாதம். கூகுள் நேர்காணலில் தோற்றுவிட்டு வந்த மேக்ஸ் ஹோவெல் என்ற டெவலப்பர், ட்விட்டரில் ஒரே ஒரு பதிவு போட்டார். ‘உங்கள் பொறியாளர்களில் 90 சதவிகிதம் பேர் நான் எழுதிய ஹோம்ப்ரூவைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனாலும், பலகையில் ஒரு பைனரி ட்ரீயைத் திருப்பிப்போட முடியவில்லை என்று என்னைப் போகச் சொல்லிவிட்டீர்கள்’ என்பது அதன் சாரம். கடைசியில் அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையும் இருந்தது. உலகம் முழுக்க டெவலப்பர்கள் அதைத் தங்கள் சொந்தக் கதையாக எடுத்துக்கொண்டு பகிர்ந்தார்கள்.

ஹோம்ப்ரூ 2009-ல் பிறந்தது. மேக் கணினியில் வேலை செய்யும் ஒரு டெவலப்பர், புது இயந்திரம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக நிறுவும் மென்பொருள்களில் ஒன்று. மற்ற மென்பொருள்களைத் தேடிப் பிடித்து, ஒன்றுக்கொன்று இடிக்காமல் உட்காரவைப்பது அதன் வேலை. அதை எழுதியவருக்குத் தெரியவில்லை என்று சொல்லப்பட்ட பைனரி ட்ரீ என்ன? வம்சாவளிப் படம் போல ஒன்று. ஒவ்வொரு கணுவுக்கும் அதிகபட்சம் இரண்டு கிளைகள். திருப்பிப்போடுவது என்றால் இடது கிளையை வலப்பக்கமும் வலது கிளையை இடப்பக்கமும் மாற்றிக்கொண்டே கீழே இறங்குவது. கண்ணாடியில் பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படி. பழகியவருக்கு ஏழெட்டு வரிதான். கல்லூரியில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பில் எழுதிப்பார்ப்பது. வேலைக்குப் போன பிறகு பதினைந்து வருடத்தில் ஒருமுறைகூட எழுத வேண்டி வராதது.

ஹோவெல் பின்னாளில் இதே விஷயத்தை நிதானமாகவும் எழுதினார். தனக்குக் கணினி அறிவியல் பல இடங்களில் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு, கூகுளின் பக்க நியாயத்தையும் சொன்னார். அதே மூச்சில், ‘ஆனால், மக்கள் விரும்பிப் பயன்படுத்தும் பொருள்களைச் செய்ய எனக்குத் தெரியும்’ என்ற பொருள்படவும் எழுதினார். பத்து வருடங்களுக்கு மேல் ஓடிய பிறகும் இந்தச் சர்ச்சை தீராமல் நிற்பது அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான்.

பெருங்குடி, சோழிங்கநல்லூர், சிறுசேரி எனச் சென்னையின் ஓ.எம்.ஆர். நெடுக வரிசைகட்டி நிற்கும் அலுவலகங்களில் பத்துப் பதினைந்து வருட சர்வீஸ் போட்டவர்களிடம், ‘கம்பெனி மாறலையா?’ என்று கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “மாறணும். ஆனா லீட்கோட் போட உட்காரணுமே!” லீட்கோட் என்பது நேர்காணலில் வரும் கோடிங் கேள்விகளைப் போட்டுப் பழகும் இணையதளம்.

பிள்ளைகள் தூங்கிய பிறகு, இரவு பத்தரைக்கு மேல் லேப்டாப்பைத் திறந்து, கல்லூரியை விட்ட நாளில் மறந்த கிராஃப், ஹீப், டைனமிக் புரோகிராமிங் எல்லாவற்றையும் மறுபடி தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டும். பகலில் டெலிவரி, மாலையில் கிளையன்ட் கால். 90 நாள் நோட்டீஸ் பீரியட் கேட்கும் நிறுவனத்தில் இருப்பவர் என்றால், தேர்வானாலும் புது நிறுவனம் காத்திருக்குமா என்ற கவலை தனி. இதற்கிடையில், பள்ளிக்கூடப் பையனைப்போல ஒரு பரீட்சைக்குத் தயாராக வேண்டும். அதுவும், இத்தனை வருடம் எந்த வேலையைச் செய்து சம்பளம் வாங்கினாரோ, அந்த வேலையோடு பெரிதாகச் சம்பந்தமில்லாத பரீட்சைக்கு.

அவருக்கு என்ன தெரியும்? நள்ளிரவில் பேமென்ட் நின்றுவிட்டது என்று போன் வந்தால், லாகைப் பார்த்த ஐந்து நிமிடத்தில், சாயங்காலம் போட்ட டெப்ளாய்மென்ட்டில் எந்த மாற்றம் இதைச் செய்தது என்று சொல்லத் தெரியும். யாரோ எழுதிவிட்டுப் போன, ஒரு கமென்ட்கூட இல்லாத பத்து வருடப் பழைய கோடைப் படித்து, எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று பிரிக்கத் தெரியும். கிளையன்ட் கேட்கும் வசதியை இப்போது செய்தால் ஆறு மாதம் கழித்து எது உடையும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரியும். நேர்காணலில் இதில் எதையும் யாரும் கேட்பதில்லை என்பதுதான் அவருடைய ஆதங்கம். சிஸ்டம் டிசைன் சுற்றில் கொஞ்சம் கேட்பார்கள். ஆனால், முதல் கோடிங் சுற்றைத் தாண்டினால்தான் அந்த நாற்காலிக்கே போக முடியும்.

இதெல்லாம் வேலையை விடத் துணிந்தவர்களின் கவலையாக மட்டும் இருந்த காலம் போய்விட்டது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரைக் குறைத்தது, மைக்ரோசாஃப்ட் 10,000. மெட்டா இரண்டு தவணைகளில் 21,000. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவிகிதத்தினரை, அதாவது 12,000-க்கும் அதிகமானவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பாதிப்பு முக்கியமாக நடுத்தர, மூத்த நிலைகளில் இருக்கும் என்றும் சொன்னது. நாற்பதைத் தொடும் வயதில், கேட்காமலே நேர்காணல் வரிசையில் நிற்க நேர்ந்தவர்கள் இன்று நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இந்தப் பரீட்சை எங்கிருந்து வந்தது?

தொண்ணூறுகளில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் புதிர்களுக்குப் பேர்போனது. சாலையில் இருக்கும் பாதாளச் சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்ற கேள்வி அந்தக் காலத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 2003-ல் வில்லியம் பவுண்ட்ஸ்டோன் இந்தப் புதிர் நேர்காணல்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 2004-ல் கூகுள், சிலிக்கான் பள்ளத்தாக்கின் 101-ம் நெடுஞ்சாலையில், நிறுவனத்தின் பெயர்கூட இல்லாமல் ஒரு விளம்பரப் பலகை வைத்தது. ‘இ’ என்ற கணித மாறிலியின் இலக்கங்களில் தொடர்ந்தாற்போல் வரும் முதல் பத்திலக்கப் பகா எண்ணைக் கண்டுபிடித்தால், அதுவே ஓர் இணைய முகவரி. அங்கே போனால் அடுத்த புதிர். எல்லாம் முடித்தால் வேலைக்கு விண்ணப்பிக்கும் பக்கம்.

அதே கூகுளில் மனிதவளத் துறைக்குத் தலைமை வகித்த லாஸ்லோ போக், 2013-ல் நியூயார்க் டைம்ஸுக்கு அளித்த பேட்டியில் அந்தப் புதிர்களை ஒரேயடியாகப் போட்டு உடைத்தார். அவை முழுக்க நேர விரயம், கேட்பவருக்குத் தான் புத்திசாலி என்ற நினைப்பைத் தருவதைத் தவிர வேறு பயனில்லை என்றார். அதைவிட முக்கியமான இன்னொன்றும் சொன்னார். பல்லாயிரம் நேர்காணல்களை எடுத்து, அதில் யார் எத்தனை மதிப்பெண் போட்டார்கள், அப்படித் தேர்வானவர்கள் பிறகு எப்படி வேலை பார்த்தார்கள் என்று ஒப்பிட்டார்களாம். இரண்டுக்கும் தொடர்பே இல்லை.

புதிர்கள் போயின. அந்த இடத்தில் அல்காரிதம் கேள்விகள் முழுசாக உட்கார்ந்தன. கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் மூன்றிலும் பணியாற்றிய கேல் லாக்மன் மெக்டவல் எழுதிய ‘கிராக்கிங் தி கோடிங் இன்டர்வியூ’ புத்தகத்தின் முதல் பதிப்பு 2008-ல் வந்தது. 2015-ன் ஆறாம் பதிப்பில் 189 கேள்விகள். லீட்கோட் தளத்தில் இன்று கேள்விகள் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டன. அத்தனையும் போட முடியாதவர்களுக்காக 75 கேள்விகளாகச் சுருக்கிய பட்டியல் ஒன்று உலகம் முழுக்கச் சுற்றுகிறது. ஐ.ஐ.டி. கோச்சிங் வகுப்பு எப்படி ஒரு தனித் தொழிலாக வளர்ந்ததோ, அப்படி டி.எஸ்.ஏ. (டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம்ஸ்) கோச்சிங்கும் வளர்ந்துவிட்டது. கேள்வியைப் பார்த்த இரண்டாவது நிமிடத்தில் ‘இது ஸ்லைடிங் விண்டோ, அது டூ பாயின்டர்’ என்று அடையாளம் காணும் பழக்கத்தைத்தான் அங்கே விற்கிறார்கள். சமீபத்தில் ஆறு மாதம் பழகியவர் ஜெயிக்கிறார். பதினைந்து வருடம் வேலை பார்த்தவர் பழகாததால் தோற்கிறார்.

பலகையில் எழுதும் அல்காரிதத்துக்கும் வேலையில் ஓடும் அல்காரிதத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதைச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. டெவலப்பர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

அகராதியில் ‘பனை’ என்ற சொல்லைத் தேடுகிறவர் முதல் பக்கத்திலிருந்து புரட்டுவதில்லை. நடுவில் பிரிப்பார். ‘த’ வந்தால் பின்பாதிக்குப் போவார். ‘ம’ வந்தால் முன்பாதிக்கு வருவார். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குவார். பத்து லட்சம் சொற்கள் இருந்தாலும் இருபது முறைக்குள் சொல் கிடைத்துவிடும். இதுதான் பைனரி சர்ச். நேர்காணல்களில் ‘சுலபம்’ என்று முத்திரை குத்தி வைத்திருக்கும் கேள்வி.

இது எவ்வளவு சுலபம்? முதல் பைனரி சர்ச் 1946-ல் வெளியானது. பிழையில்லாத முதல் வடிவம் வர 1962 ஆனது என்று கணினி விஞ்ஞானி டொனால்ட் க்னூத் பதிவுசெய்திருக்கிறார். ஜான் பென்ட்லி தன் ‘புரோகிராமிங் பேர்ல்ஸ்’ நூலில், நூற்றுக்கும் மேற்பட்ட தொழில்முறை புரோகிராமர்களிடம் இதை எழுதச் சொன்ன அனுபவத்தைக் குறிப்பிடுகிறார். நேரம் தாராளமாகக் கொடுத்தும், பத்தில் ஒன்பது பேருடைய கோடில் பிழை இருந்தது. பென்ட்லி அதோடு நிற்கவில்லை. தானே ஒரு வடிவத்தை எழுதி, அது சரியென்று கணித முறையில் நிறுவியும் காட்டினார்.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பென்ட்லியின் வகுப்பில் உட்கார்ந்து கேட்டவர் ஜோஷுவா பிளாக். பின்னால் ஜாவா மொழியின் நூலகத்துக்கு பைனரி சர்ச் எழுதியவர் அவர்தான். கோடிக்கணக்கான கணினிகளில் ஓடிய கோட் அது. சுமார் ஒன்பது வருடம் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு எங்கோ ஒருவருடைய புரோகிராம் உடைந்தது; அன்று ஜாவாவை வைத்திருந்த சன் நிறுவனத்துக்குப் புகார் போனது. அப்போது கூகுளில் இருந்த பிளாக், 2006-ல் விஷயத்தை வெளிப்படையாக எழுதினார்: கிட்டத்தட்ட எல்லா பைனரி சர்ச்சும் உடைந்ததுதான், தான் எழுதியதும் சேர்த்து, சரியென்று பென்ட்லி நிறுவியதும் சேர்த்து.

பிழை எங்கே? நடுவைக் கண்டுபிடிக்க, தொடக்க எண்ணையும் இறுதி எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம். சாதாரணக் கணக்கு. ஆனால், ஜாவாவின் முழு எண்ணுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: 2,147,483,647. பட்டியலில் 107 கோடிக்கும் மேல் உருப்படிகள் இருந்தால், அந்தக் கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டி எதிர்மறை எண்ணாகத் திரும்பிவிடும். நடுப்பக்கத்தைக் கேட்டால், அகராதியில் இல்லவே இல்லாத பக்கத்தைக் கை தேடும். எண்பதுகளில் அவ்வளவு பெரிய பட்டியலை யாரும் கற்பனைகூடச் செய்யவில்லை. வித்தியாசத்தைப் பாதியாக்கித் தொடக்க எண்ணோடு கூட்டினால் பிரச்னை தீர்ந்தது. மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி.

நேர்காணலில் அந்தப் பழைய வடிவத்தை 10 நிமிடத்தில் பிசிறில்லாமல் எழுதிய இளைஞருக்கு ஆண்டாண்டு காலமாக முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். உண்மையான தரவு பெருகி, உண்மையான புரோகிராம் ஒன்று விழுந்தபோதுதான் குறை வெளியே வந்தது. இப்படி விழுந்த புரோகிராம்களைத் தூக்கி நிறுத்தித் தூக்கி நிறுத்திச் சேர்வதைத்தான் அனுபவம் என்கிறோம். அதை அளக்க 45 நிமிடமும் ஒரு மார்க்கரும் போதுமா?

போதாது என்பதற்கு 2020-ல் ஓர் ஆய்வுச் சான்றும் கிடைத்தது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 48 கணினி அறிவியல் மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தின. எல்லோருக்கும் ஒரே கேள்வி. பாதிப் பேர் வழக்கமான நேர்காணல்போல, ஆய்வாளர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லியபடி பலகையில் எழுதினார்கள். மற்றவர்கள் ஓர் அறையில் தனியாக எழுதினார்கள். ஆள் பார்த்துக்கொண்டிருந்ததால் மட்டும் செயல்திறன் பாதிக்கும் கீழே விழுந்தது. ஆய்வாளர் பார்வையில் எழுதிய பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. தனியே எழுதிய பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள். எண்ணிக்கை சிறியதுதான், ஒரே ஆய்வை வைத்து ஆண், பெண் என்று பெரிய முடிவுக்குப் போய்விட முடியாது. ஆனாலும், நேர்காணல் அளப்பது திறமையையா, பதற்றத்தையா என்ற கேள்வியை அது அழுத்தமாகவே வைத்துவிட்டது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போவது சரியல்ல.

2007-ல் ஜெஃப் அட்வுட் என்ற டெவலப்பர் எழுதிய கட்டுரை ஒன்று பரபரப்பாகப் பேசப்பட்டது. 1 முதல் 100 வரை அச்சிட வேண்டும். மூன்றின் மடங்கு வந்தால் ‘ஃபிஸ்’, ஐந்தின் மடங்கு வந்தால் ‘பஸ்’, இரண்டுக்கும் பொதுவானால் ‘ஃபிஸ்பஸ்’. இந்தக் குழந்தை விளையாட்டை எழுதத் தெரியாதவர்கள் புரோகிராமர் வேலைக்கு வந்து நிற்கிறார்கள் என்பதுதான் அவருடைய வேதனை. வருடக் கணக்கைத் தவிர வேறெதுவும் இல்லாத ரெஸ்யூமேக்களைப் பார்த்துச் சலித்த மேனேஜர்கள் இங்கும் உண்டு. ஒரு நிறுவனத்தில் பதினைந்து வருடம் இருந்தார் என்பதற்கும், பதினைந்து வருடம் கற்றுக்கொண்டார் என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஃப்ராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1998-ல், 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பணி அனுபவ ஆண்டுகளின் எண்ணிக்கை ஒருவரின் வேலைத் திறனை மிகச் சொற்பமாகவே கணித்தது. ஆகவே, சோதிக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று யாரும் கேட்க முடியாது.

இன்னொரு நியாயம் நமக்கு இன்னும் நெருக்கமானது. நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கும் தமிழ்நாட்டில், பேர்பெற்ற ஒருசில கல்லூரிகளுக்கு மட்டுமே பெரிய நிறுவனங்கள் கேம்பஸுக்கு வருகின்றன. மற்ற கல்லூரியில் படித்து, சிபாரிசுக்கு ஆளில்லாத பையனுக்கும் பெண்ணுக்கும் இந்த அல்காரிதம் கேள்விகள் ஒரு வாசலைத் திறந்துவிட்டன. கல்லூரிப் பெயரைப் பார்க்காத தேர்வு அது. அப்படி உள்ளே போய் வீட்டுக் கடனை அடைத்தவர்கள் நிறையப் பேர். புதிதாக வருபவருக்குக் காட்ட வேலை எதுவும் இல்லை. எனவே, அல்காரிதம் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. பதினைந்து வருட வேலையைக் காட்டக்கூடியவரிடமும் அதே வினாத்தாளை நீட்டுவதுதான் தவறு.

கேட்பவர்களேகூட இந்த முறையில் தேறுவார்களா என்பதும் சந்தேகம். கூகுளில் 250 நேர்காணல்கள் எடுத்த மொய்ஷே லெட்வின் ஓர் உரையில் சொன்ன சம்பவம் இது. அவர் இருந்த தேர்வுக் குழுவிடம் ஒரு தொகுப்பு விண்ணப்பதாரர்களின் நேர்காணல் குறிப்புகள் வந்தன. குழு அவர்களை வேண்டாமென்று ஒதுக்கியது. பிறகுதான் தெரிந்தது, பெயர் மறைக்கப்பட்டு வந்தவை அந்தக் குழுவினர் வேலைக்குச் சேர்ந்தபோது எழுதப்பட்ட குறிப்புகளே என்று. கூகுளில் இருந்த ஸ்டீவ் யெகியும் 2008-லேயே எழுதினார்: எந்த நல்ல ஊழியரை எடுத்துக்கொண்டாலும், அவரை நிராகரிக்கக்கூடிய சக ஊழியர்கள் சிலர் அதே நிறுவனத்தில் இருப்பார்கள், யாரிடம் மாட்டுகிறோம் என்பது அதிர்ஷ்டம்.

அதிர்ஷ்டத்தோடு வயதும் சேர்ந்தால் விஷயம் நீதிமன்றம் வரை போகிறது. அமெரிக்காவில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் வேலைவாய்ப்பில் வயதுப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1967 முதல் சட்டம் இருக்கிறது. கூகுளில் நான்கு முறை நேர்காணலுக்குப் போயும் வேலை கிடைக்காத ஒரு பெண் பொறியாளர் முன்னின்று நடத்திய வயதுப் பாகுபாட்டு வழக்கில் 227 பேர் சேர்ந்தார்கள். 2019-ல் கூகுள் 1.1 கோடி டாலர் கொடுத்து அதை முடித்துக்கொண்டது. பாகுபாடு காட்டியதாக ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது இந்த முறையின் காலடியையே செயற்கை நுண்ணறிவு அரிக்கிறது. 2025 தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் ஒருவர், நேர்காணல் நடத்துபவரின் திரையில் தெரியாமல் விடையைக் காட்டும் கருவியை உருவாக்கிச் செய்தியானார். மூவாயிரம் கேள்விக்கும் சில நொடியில் விடை எழுதும் இயந்திரம் எல்லோர் கையிலும் இருக்கும்போது, வீட்டிலிருந்து எழுதும் அல்காரிதம் சுற்று எதை நிரூபிக்கும்? ஒரு சுற்றாவது நேரில் நடத்தப்படும் என்று 2025 ஜூனில் சொன்னார் கூகுளின் சுந்தர் பிச்சை. அதே மாதம் ஆஸ்திரேலியாவின் கேன்வா நிறுவனம் நேரெதிர்த் திசையில் போனது. நேர்காணலில் ஏ.ஐ. கருவியைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்றது. பாடப்புத்தகக் கேள்விகளை விட்டுவிட்டு, தெளிவில்லாத, வேலையில் வருவதுபோன்ற சிக்கல்களைக் கொடுக்கிறது. கருவி தரும் கோடில் எது சரி, எது பொய் என்று பிரித்தறிகிற பழுத்த கண் அங்கே மதிப்பு பெறுகிறது.

மாற்று வழிகள் புதிதல்ல. வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம், விண்ணப்பித்தவருக்கு மணிக்கு 25 டாலர் கொடுத்துச் சில வாரம் உண்மையான வேலையைச் செய்யவைத்துப் பார்த்த பிறகே முடிவெடுத்ததை அதன் தலைவர் மேட் முல்லன்வெக் 2014-ல் எழுதினார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோவின் தேர்வுக்குப் போய்வந்தவர்கள், டிக்கெட் முன்பதிவு, கால் டாக்சி போன்ற ஒரு சிறு செயலியைச் சில மணி நேரத்தில் முழுசாகக் கட்டி எழுப்பச் சொல்லும் சுற்றைப் பற்றிச் சொல்வார்கள். சம்பளம் இல்லாமல் சனி, ஞாயிறு இரண்டு நாளையும் விழுங்கும் ‘டேக் ஹோம்’ வேலையைக் கொடுப்பது மட்டும் இதற்குத் தீர்வாகாது. கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு தாயை அது பலகையைவிட மோசமாக வெளியே தள்ளும்.

ஷ்மிட்டும் ஹண்டரும் தொகுத்த அதே பட்டியலில் உச்சியில் இருந்தது என்ன தெரியுமா? வேலையின் ஒரு துண்டை அப்படியே கொடுத்துச் செய்யச் சொல்லும் மாதிரிப் பணிச் சோதனை. 2022-ல் சாக்கெட் என்ற ஆய்வாளரும் சகாக்களும் அந்தக் கணக்கைத் திருத்தியபோது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் நேர்காணல் முதலிடத்துக்கு வந்தது. இரண்டையுமே செய்யப் பெரிய பணம் தேவையில்லை.

நேர்காணல் எடுக்கும் டீம் லீடுகளுக்கும் மேனேஜர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சென்ற மாதம் உங்கள் டீமைத் திணறடித்த ஒரு பக்கை எடுங்கள். வாடிக்கையாளர் விவரங்களை நீக்கிவிட்டு, கோடையும் லாகையும் வரப்போகும் அந்த மூத்த டெவலப்பர் முன் வையுங்கள். இணையத்தில் தேட அனுமதியுங்கள். ஒரு மணி நேரம் அவரைத் தனியாக விட்டுவிட்டு, பிறகு உள்ளே போய் உட்கார்ந்து, என்ன பார்த்தார், எதைச் சந்தேகப்பட்டார், எதைத் தொடாமல் விட்டார், ஏன் என்று கேளுங்கள்.